‘வேண்டாம்’ என்று எழுதிய சீடி

என் மேசை லாச்சிக்குள் ஒரு சீடி கிடக்கிறது. அதன் மேல் கறுப்பு மார்க்கரால் ‘டெஸ்ட் – வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறது. எழுதியவள் நான்தான். ஓரத்தில் ஒரு கீறல். நடுவில் யாரோ தேத்தண்ணீர்க் கோப்பையை வைத்த வட்டம். கடைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் லாச்சியை ஒதுக்கும்போதெல்லாம் “அக்கா, இத வீசவா?” என்று கேட்பார்கள். வேண்டாம் என்று எழுதிவிட்டு வைத்திருக்கிறாளே, இவளுக்கென்ன பைத்தியமா என்று நினைக்கிறார்களோ என்னவோ. எனக்கு விளக்கம் சொல்ல அலுப்பு. நாள் முழுக்க இரத்தினபுரி டவுனில் இந்தக் கதிரையில் இருந்துகொண்டு ஊராருக்கெல்லாம் பாட்டு ஏற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. முதலில் கசெட்டிலிருந்து சீடிக்கு. பிறகு சீடியிலிருந்து பென் டிரைவுக்கு. இப்போது போனுக்குள் செருகும் மெமரி சிப்புக்கு. அதே பாட்டுகள்தான், வேறு வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். நாளைக்கு இன்னொன்று வரும், அதற்கும் ஊற்றுவேன். உண்மையைச் சொன்னால், வீட்டுக்குப் போனால் எனக்குப் பாட்டே பிடிப்பதில்லை.

ஆனால் அந்த சீடியை மட்டும் வீசமாட்டேன். அது என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி.

மாமா கலவானப் பாதையில் ஒரு தோட்டத்துத் தேயிலை பெக்டரியில், கொழுந்து அரைக்கும் ரோல் மெசினில் வேலை செய்தவர். அந்த மெசின்களின் இரைச்சலில் இருபது வருஷம் நின்றதில் அவருடைய காது பாதி மந்தம். கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் திரும்புவார். அப்படிப்பட்டவருக்குப் பாட்டென்றால் உயிர். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் இரவு வேலை முடித்துவிட்டு வந்து, கொஞ்சம் தூங்கி எழுந்து, மத்தியானம் ரேடியோவில் பாட்டு போடும் நேரத்துக்குச் சரியாக உட்கார்ந்துவிடுவார். ரேடியோ ஒரு பெட்டி, டேப் ரெக்கோடர் ஒரு பெட்டி. இரண்டையும் இணைக்கிற வயர் போடும் ஓட்டை எப்போதோ உடைந்துபோனது. அதனால் ரேடியோவுக்கு முன்னால் ரெக்கோடரை முகத்துக்கு முகம் வைத்து, நடுவில் ஒரு சாண் இடம் விட்டு, பதிவு செய்வார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், அவர் குடியிருந்த காம்பராவின் கதவில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கினால் பதிவு நடக்கிறது என்று அர்த்தம். லயத்துச் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. எட்டாம் காம்பராவில் தும்மினால் நாலாம் காம்பராவில் கேட்கும். ஆகவே துண்டைக் கண்டால் மொத்த லயமும் கொஞ்சம் அடங்கும். “மாமா ரெக்கோட்டு போடுறாரு, கத்தாத” என்று பக்கத்து வீட்டார் பிள்ளைகளை அதட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூட விடுமுறைக்கெல்லாம் நான் அங்கேதான் கிடப்பேன்.

அடங்காதவர் ஒருவர்தான், என் அத்தை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. காலையில் மலையேறிக் கொழுந்து பறித்து, மத்தியானம் நிறுத்துப் போட்டுவிட்டு, ஓடி வந்து அடுப்பைப் பற்றவைத்து, ஆக்கி, போட்டு, தானும் இரண்டு வாய் தின்று, திரும்ப மலைக்கு ஓட வேண்டும். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் மாமாவுக்குப் பதிவு. “மூச்சு விடாத” என்றால் அத்தைக்கு எப்படி இருக்கும்? “ஆமா, பெரிய கச்சேரி!” என்று முணுமுணுப்பார். மூடியை வேண்டுமென்றே டணாரென்று வைப்பார். இருமல் வந்தால் அடக்கமாட்டார். மாமா தலையைத் திருப்பாமல் விரலை உதட்டில் வைத்து “ஷ்ஷ்” என்பார். பாட்டு முடிந்து பொத்தானை அமுக்கியதும் சண்டை தொடங்கும். “ஒரு பாட்டு, ஒரே ஒரு பாட்டு சுத்தமா எடுக்க விட்டிருக்கியா நீ? எல்லாத்துலயும் ஒன் சட்டி சத்தம்!” அத்தையும் விடமாட்டார். “அப்போ நீங்களே ஆக்கித் தின்னுட்டு பாட்டு புடிங்க.” இப்படியே பல வருஷம். நாற்பது கசெட்டுகள் சேர்ந்தன. வீட்டுக்கு வரும் ஆட்களிடம் மாமா அவற்றைப் போட்டுக் காட்டி, ஒவ்வொன்றிலும் எந்த இடத்தில் அத்தை கெடுத்தார் என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியைக் காட்டுவார். எனக்கும் அந்த இடங்கள் எல்லாம் மனப்பாடம்.

அத்தை நெஞ்சுச் சளியில் படுத்து, டவுன் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தரம் வந்து, மூன்றாம் தரம் திரும்பிப் போகவில்லை. நான் அப்போது இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான். அடையாள அட்டையில் இருக்கும் கறுத்துப்போன படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டோம். வாயை இறுக மூடிக்கொண்டு, யாரையோ முறைக்கிற மாதிரி ஒரு படம். அத்தை அப்படி வாயை மூடி இருந்ததை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். மாமா ஒரு பிஸ்கட் பெட்டியைக் கயிற்றால் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். பெட்டிக்குள் நாற்பது கசெட்டும். இராணுவம் பஸ்ஸை நிறுத்திச் சோதித்த இடத்தில் அதைத் திறக்கச் சொன்னார்களாம். “சிந்து மாத்தயா, சிந்து, எல்லாம் பாட்டுன்னு சிங்களத்துல சொன்னேன். ஒண்ண பஸ் டிரைவர்கிட்ட போடச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் விட்டானுக” என்றார். அவருடைய ரெக்கோடர் நாடாவைத் தின்னத் தொடங்கியிருந்தது. ஏற்கெனவே ஒன்றின் நுனியைக் கடித்துவிட்டது.

“புள்ள, இதெல்லாம் சீடியில ஏத்தலாமாமே. ஏத்திக் குடு. இருக்கிற மாதிரியே ஏத்திரு” என்றார்.

இருக்கிற மாதிரியே. அந்தச் சொல்லை நான் காதில் வாங்கவில்லை. எல்லாரும் சொல்வதுதானே.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கொம்பியூட்டரில் பாட்டு ஏற்றத் தெரிந்தவள் அந்தத் தெருவிலேயே நான் ஒருத்திதான் என்று ஒரு தலைக்கனம். மாமாவுக்குச் செய்வதை முறையாகச் செய்ய வேண்டும் என்று, முதலில் ஒரு கசெட்டிலிருந்து ஒரு பாட்டை மட்டும் எடுத்து மூன்று விதமாகச் செய்து ஒரு சீடியில் போட்டேன். முதலாவது, ஒன்றும் சுருக்காமல் கசெட்டில் இருப்பதை அப்படியே. நாலு நிமிடப் பாட்டுக்கு நாற்பது எம்பி. இரண்டாவது, எம்பித்ரீ, நடுத்தரமான சுருக்கம்; நாலு எம்பி. மூன்றாவது, அதைவிடப் பாதியாக இறுக்கிய எம்பித்ரீ. இரைச்சல் நீக்கும் புரோகிராம் ஒன்றையும் ஓடவிட்டு, பிசிறெல்லாம் துடைத்தது, இரண்டே எம்பி. எம்பித்ரீ செய்வது என்னவென்றால், மனிதர் காதுக்கு எட்டாது என்று அது நினைப்பதையெல்லாம் கழித்துவிடும். பெரிய சத்தத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னச் சத்தம் யாருக்குக் கேட்கப்போகிறது என்று அதை எடுத்துவிடும். அப்போது எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

மாமாவின் தலையில் ஹெட்போனை மாட்டி, மூன்றையும் போட்டுக் காட்டினேன். முதலாவது ஓடும்போது, பாட்டின் நடுவில் வாத்தியம் வரும் இடத்தில் அவர் கண்ணை மூடினார். வலது கை மெல்ல மேலே போய், விரல் உதட்டில் நின்றது. இரண்டாவது ஓடும்போது விரல் பாதி வரைக்கும் போய்த் தயங்கியது. மூன்றாவதில் கை அசையவே இல்லை. பாட்டு முடிந்து என் முகத்தைப் பார்த்தார்.

“மொதலாவதுதான் புள்ள நல்லாருக்கு.”

வரிசையை மாற்றிப் போட்டேன். அவரிடம் சொல்லவில்லை. அப்போதும் அதே இடத்தில் விரல். அப்போதும் சுருக்காததையே கையால் காட்டினார். ரோல் மெசினில் காதைத் தொலைத்த மனிதருக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? குருட்டாம்போக்கில் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த விரல்? அது எனக்கு நன்றாகத் தெரிந்த விரல்தானே. அத்தை பாட்டைக் கெடுத்த இடம் அது. பார், இத்தனை வருஷம் கழிந்தும், ஆளே போனபிறகும், மாமாவுக்கு இந்த எரிச்சல் போகவில்லையே என்று எனக்குள் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

“மாமா, அப்படியே போட்டா நாப்பது சீடி வரும். நாப்பதையும் எங்க வைப்பீங்க? இந்த மூணாவது மாதிரி செஞ்சா ரெண்டே சீடி.”

முதலாளியும் கொம்பியூட்டர் வயிறு நிறைந்துவிட்ட கவலையில் “இட மதி நங்கி, இட மதி” என்று பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். இடமில்லை தங்கச்சி, இடமில்லை. மாமா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சண்டை போடுவதற்கு அவருக்கு என்றைக்கும் அத்தை ஒருத்திதான். “சரி, ஒனக்குத்தான் தெரியும். செய்யி” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். நான் அந்தச் சோதனை சீடியின் மேல் ‘டெஸ்ட் – வேண்டாம்’ என்று எழுதி லாச்சிக்குள் போட்டேன்.

பிறகு ஆறு வாரம் அந்த வேலையைச் செய்தேன். யாரும் கேட்காத வேலையையும் சேர்த்துச் செய்தேன். தகரத்தில் மழை விழுந்த இரைச்சலையெல்லாம் வழித்தெடுத்தேன். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கிடந்த பேச்சு, செருமல், பொத்தான் சத்தம் எல்லாவற்றையும் வெட்டினேன். மூடி விழுந்த இடங்களில் சத்தத்தைத் தணித்தேன். எப்படிச் செய்தும் அத்தையின் குரல் போகாத பாட்டுகளை அப்படியே தூக்கிவிட்டு, கடையிலிருந்த நல்ல பிரதியிலிருந்து அதே பாட்டைப் போட்டேன். ஆம், அத்தையின் குரல் என்று தெரிந்துதான் வெட்டினேன். மாமா காலமெல்லாம் கேட்டது இதைத்தானே, ஒரு பாட்டு சுத்தமாக வேண்டும் என்று? நாற்பது கசெட்டையும் சுத்தமாகக் கொடுக்கிறேன், மனிதர் பூரித்துப்போவார் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். அந்த நாட்களில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, கடைக்குப் பின்னாலிருக்கும் முதலாளியின் தங்கை வீட்டில் படுத்துக்கூட வேலை செய்திருக்கிறேன். அன்பில்லாமல் செய்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாதது.

இரண்டு சீடியையும் தோட்டத்துக்குப் போகும் ஆள் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். கசெட்டுப் பெட்டி கடையில், மேசைக்கடியில் இருந்தது.

அடுத்த கிழமை மழை பிடித்தது. இரத்தினபுரியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, களு கங்கை பெருகினால் எங்கள் தெரு முதலில் போகும். தண்ணீர் வாசலுக்கு வந்தபோது முதலாளி “கொம்பியூட்டரை மேலே தூக்கு” என்று கத்தினார். தூக்கினேன். பிரிண்டரைத் தூக்கினேன். வெற்று சீடிக் கட்டுகளைக்கூடத் தூக்கினேன். லாச்சியை இழுத்து அப்படியே மாடிக்குக் கொண்டுபோனேன். பெட்டி கண்ணில் பட்டது. பட்டும் விட்டுவிட்டேன். அதிலிருப்பதெல்லாம் ஏற்கெனவே கொம்பியூட்டருக்குள் ஏறிவிட்டது, இனி அது வெறும் பிளாஸ்டிக்குத்தானே என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தபோது பெட்டி கஞ்சி மாதிரிக் கரைந்திருந்தது. கசெட்டுகளுக்குள் சேறு ஏறி இறுகியிருந்தது. மண்வெட்டியால் அள்ளி, தெருவில் குவிந்த மற்றச் சேற்றோடு போட்டேன்.

பத்து நாள் போயிருக்கும், மாமா வந்தார். சேறு காய்ந்த சுவரைப் பார்த்து “இவ்வளவு ஒசரம் வந்துச்சா?” என்று வாயில் கைவைத்தார். அவரிடம் ஒரு பை இருந்தது. எனக்கு ஆசையென்று கொய்யாப்பழம் கொண்டு வந்திருந்தார். கொஞ்ச நேரம் அதையும் இதையும் பேசினார். பிறகு, பாட்டெல்லாம் மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

“நல்லாத்தான் புள்ள இருக்கு. கடையில வாங்கின மாதிரி இருக்கு. அந்தக் கேசட்டுகள குடுத்துரு, நான் கொண்டு போயிர்றேன்.”

“அது எதுக்கு மாமா? எல்லாம் சீடியில இருக்கில்ல. ஒங்க மெசினும் நாடாவ திங்குது.”

“இருக்கட்டும். குடேன்.”

தண்ணீரைப் பற்றிச் சொன்னேன். சேற்றைப் பற்றிச் சொன்னேன். மண்வெட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. மாமா கடை வாசற்படியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்; திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் கொய்யாப் பையை மடியில் வைத்து அதன் வாயை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

“நான் சுத்தமா எடுத்தேன் மாமா. அத்தை சத்தமெல்லாம் இல்லாம. நீங்க எப்பவும் அதத்தானே…”

“ஆமா, சொல்லுவேன்” என்றார். “தெனமும் சொல்லுவேன்.” பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் சொல்கிறாரா என்று தெரியாத குரலில் சொன்னார்: “ஒங்க அத்த அதுலதானே புள்ள இருந்தா.”

எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுவதற்குக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. கொம்பியூட்டரில் தேடினேன். இடம் போதாதென்று மூலப் பதிவுகளையெல்லாம் நானே அழித்திருந்தேன், அன்றன்றைக்கே, ஒழுங்கான பிள்ளையாக. இருந்தது அந்த இறுக்கிய, துடைத்த எம்பித்ரீ மட்டும். லாச்சியைக் கவிழ்த்தேன். அப்போதுதான் அந்த சீடி விழுந்தது. டெஸ்ட், வேண்டாம்.

முதலாவதைப் போட்டேன். இருவரும் ஹெட்போனின் ஆளுக்கொரு பக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டோம். தகரத்தில் மழை. அதற்கு மேல் பாட்டு, ஒரு கிணற்றுக்குள்ளிருந்து வருவதைப் போல. இரண்டாவது நிமிடத்தில் வாத்தியம் தொடங்கும் இடத்தில் அத்தை இருமுகிறார். பிறகு, பக்கத்தில் நின்று சொல்வதைப் போலத் தெளிவாக: “சோறு ஆறுதுங்க. பாட்டு எங்கயும் ஓடிப் போகாது, வாங்க.” உடனே மாமாவின் “ஷ்ஷ்.” மூடி டணாரென்று விழுகிறது. “ம்க்கும்” என்று ஒரு நொடிப்பு. அவ்வளவுதான். நாற்பது கசெட்டில், இத்தனை வருஷச் சண்டையில், மிஞ்சியது அவ்வளவுதான். இரண்டாவதில் அந்தப் பேச்சு இருக்கிறது, ஆனால் மழை கொப்புளிக்கும் தண்ணீராகி, அத்தையின் குரல் யாரோ ஒரு பெண்ணின் குரலாகிவிடுகிறது. மூன்றாவதில் பாட்டு மட்டும் இருக்கிறது. மிகவும் சுத்தமாக இருக்கிறது.

முதலாவதை மட்டும் கொம்பியூட்டரில் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்தேன். அந்த சீடியை மாமா கொண்டுபோனார். மேலே இருக்கும் எழுத்தை அழித்துவிட்டு அத்தையின் பேரை எழுதித் தருகிறேன் என்றேன். “அது கெடக்கட்டும், அழிக்கிறேன்னு உள்ளுக்க ஏதாச்சும் ஆயிரப் போகுது” என்று பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எதையும் என் கையில் முழுதாக நம்பிக் கொடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

ஒரு தரம் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மாமா வேலையிலிருந்து நின்று, கால் வீங்கி, வீட்டோடு இருந்த காலம். மத்தியானம். தானே ஆக்கிய சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு, கதவில் சிவப்புத் துண்டைத் தொங்கவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதிவு செய்ய அங்கே ரெக்கோடரும் இல்லை, ரேடியோவும் இல்லை. ஒரு சீடி பிளேயர்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தங்களாகவே அடங்கினார்கள். முதலாவதைப் போட்டார். மழை, பாட்டு, வாத்தியம், இருமல். “சோறு ஆறுதுங்க. பாட்டு எங்கயும் ஓடிப் போகாது, வாங்க.” நான் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் உதட்டுக்குப் போகவில்லை. சீடிக்குள்ளிருந்த மாமாதான் “ஷ்ஷ்” என்றார். எனக்கு முன்னால் இருந்த மாமா, “இந்தா, வந்துட்டேன்” என்று சொல்லி, பாதிப் பாட்டில் பொத்தானை அமுக்கிவிட்டு, தரையைப் பிடித்து எழுந்துபோய்ச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தார். தினமும் அப்படித்தானாம்; பக்கத்து வீட்டக்கா பிறகு சொன்னார்.

மாமா போய் ஒரு வருஷம் ஆகிறது. அவருடைய சாமான்களில் எனக்கென்று வந்தது இந்த சீடிதான். ஒன்றையும் கழிக்காமல் சுருக்கும் வகை ஒன்று இருப்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். நாற்பது கசெட்டுக்கு இருபது சீடி போதுமாக இருந்திருக்கும். தெரிந்து என்ன செய்ய? கடையில் கொம்பியூட்டர் மாறும்போதெல்லாம் அந்த நாற்பது எம்பியை அப்படியே, ஒரு துளி சுருக்காமல், புதியதில் ஏற்றி வைக்கிறேன். போன் சிப்புக்குப் பாட்டு ஏற்ற வருபவர்கள் “அக்கா, நெறைய பாட்டு புடிக்கிற மாதிரி சின்னதா போடுங்க” என்கிறார்கள். போட்டுக் கொடுக்கிறேன்.

மத்தியானங்களில் கடையில் ஆளில்லாதபோது எப்போதாவது லாச்சியைத் திறந்து, வேண்டாம் என்று எழுதிய அந்த சீடியைப் போடுகிறேன். அந்தப் பாட்டு எப்படி முடிகிறது என்று எனக்கு மறந்துவிட்டது. அத்தை கூப்பிட்டதும் நிறுத்திவிட்டு, என் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன்.